பேய் கொடுக்காத பரிசு

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் ஒரு வெற்றிலைக் கடையின் ஓரத்தில், ஒரு ஆள் குந்தினால் இன்னொரு ஆளுக்கு இடமில்லாத சந்தில், பேட்டரிக்கு சார்ஜ் போடும் கடை தொடங்கியவன் நான். செத்த பேட்டரியைப் பிரித்துத் தகடு மாற்றி மறுபடி உயிர் கொடுக்கிற வித்தையை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆசிட் பட்டுக் கை வெந்து நானே கற்றேன். கையிலிருந்த நோட்டெல்லாம் செல்லாது என்று சர்க்கார் அறிவித்தபோது பக்கத்துக் கடைகள் மூடின. நான் மூடவில்லை, அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டேன். பெரும்புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள், கூரையில்லாத கடையில் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டைக்கே வெளிச்சம் கொடுத்தேன். பிறகு இன்வெர்ட்டர், அதற்குப் பிறகு சோலார். ஐந்தாவது மாடியில் சொந்த வீடு வாங்கினேன். மகனை இஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன். எங்கள் கட்டடத்தில் கரண்ட் போனதும் படிக்கட்டில் தானாக எரிகிற விளக்குகள் இருக்கின்றனவே, அவையும் நான் போட்டவைதான். இன்சீன் ரயில் பட்டறையில் கூலியாக இருந்தவரின் பிள்ளை, நாலாம் வகுப்பைத் தாண்டாதவன், இதையெல்லாம் செய்தான்.

தமிழ் எழுதப் படித்தது கோவிலில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

மேலே சொன்னதையெல்லாம் ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. ஒன்றை மட்டும் என் வீட்டுக்காரர்களே ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். ஹாலோவீனுக்குப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பரிசு கொடுக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அந்தச் சண்டையில் ஒரு பிள்ளையே எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாங்கள் பேசியது பாதி பர்மியம், பாதி தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஹாலோவீன் எங்கள் காலத்தில் இல்லாத சரக்கு. பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் வரைந்து தொங்கவிட்டால் எங்களுக்கு அது திருஷ்டிப் பூசணி. கடை திறந்தபோது நானும்தான் தொங்கவிட்டேன். இப்போது மால்களில் அதையே பிளாஸ்டிக்கில் செய்து, உள்ளே விளக்கு வைத்து, பேய்த் திருநாள் என்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பருவத்தில் விழாவுக்குக் குறைவில்லை. பௌத்தர்களின் தடிஞ்சூ விளக்குத் திருநாள் வரும், அதை ஒட்டியே தீபாவளியும் வரும். தடிஞ்சூவில் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் பழமும் மெழுகுவத்தியும் கொண்டுபோய்க் காலடியில் வைத்து, முட்டி போட்டுக் கும்பிடுவார்கள். அதற்குக் கடோ என்று பெயர். பெரியவர் வாய் நிறைய ஆசி சொல்லிக் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார். என் மருமகள் த்வாண்டே ஊர்ப் பக்கத்துப் பர்மியப் பெண். அதனால் எங்கள் வீட்டில் கடோவும் உண்டு, தீபாவளியும் உண்டு.

நானும் ஒரு இடத்துக்குக் கடோ பண்ணப் போவேன். எனக்குச் சந்து கொடுத்த வெற்றிலைக்காரி இன்னும் இருக்கிறார். ஓடைப் பக்கத்துத் தெருவில் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக வாழ்கிறார். பர்மியர் தாயைக் கூப்பிடுவது போல "அமே" என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். என் பேத்தி நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளையும் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறேன். மகனுக்கு அன்றைக்குத்தான் எங்கள் கடையில் கூட்டம். மருமகள் அவளுடைய ஆட்களைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த வீட்டுக்கு வழி தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் நானும் அந்தச் சின்னதும்தான்.

சண்டை சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. பேத்தி போகிற பள்ளிக்கூடம் தனியார் பள்ளிக்கூடம். போனில் அதன் வைபர் குழுவில் பெற்றோர்கள் கறுப்புத் தாள் சுற்றிய பொட்டலங்களைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் அவங்கவங்க வீட்டுலேருந்து பொட்டலம் வருதுப்பா. டீச்சர் பேய் வேஷம் போட்டுக்கிட்டு பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பாங்க. அவ்வளவுதான்."

"பேயி எதுக்குக் கொடுக்கணும்? நீ கொடேன். உனக்குக் கை இல்லையா?"

"விளையாட்டுப்பா."

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் வெச்சுப் படைக்கிறீங்களே, அது மட்டும் என்னவாம்?"

"அட மடையா, அங்க நாம கொடுக்கிறோம், அவரு வாங்கிக்கிறாரு. உன் மாமியார் ஊட்டுல காவல் தேவதைக்குத் தேங்கா கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அங்கயும் நாமதான் கொடுக்கிறோம். பேயி கொடுத்து மனுசன் வாங்கிட்டு வந்ததா எந்த ஊருலயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

மகன் குழம்பை ஊற்றிக்கொண்டான். இஞ்சினியர்தான், ஆனால் இதற்குப் பதில் சொல்ல அவன் படிப்பில் பாடம் இல்லை.

மருமகள் விடவில்லை. "இந்தப் பிள்ளைக்கு நாம என்ன கொடுத்திருக்கோம்ப்பா? பொறந்த புதுசுல நோய் வந்து ஊரே கதவைச் சாத்துச்சு. அப்புறம் என்ன சொல்லி வளர்த்தோம்? வெடிச் சத்தம் கேட்டா ஜன்னல்கிட்ட போகாத. இருட்டிட்டா வெளிய போகாத. பயப்படத்தான் கத்துக் கொடுத்திருக்கோம். ஒரே ஒரு நாள் அந்தப் பயத்தையே விளையாட்டா விளையாடிட்டுப் போகட்டுமேன்னு கேக்கிறேன்."

பதில் வராத இடத்தில் நான் குரலை உயர்த்துவேன். அப்படித்தான் இத்தனை வருஷம் தொழில் நடத்தியிருக்கிறேன். மேசையைத் தட்டி, பேத்தியை என் பக்கம் திருப்பி, அவளுக்கே சொன்னேன்.

"இதப் பாரு கண்ணு. நம்ம ஊட்டுல பரிசு எப்படி வரும் தெரியுமா? மொதல்ல முட்டி போட்டுக் கடோ பண்ணணும். பெரியவங்க ஆசி சொல்லுவாங்க. அப்புறம் கையில தருவாங்க. முகத்தை மூடிக்கிட்டு வர்றவன் கையால நாம எதையும் வாங்குறதில்ல. புரிஞ்சுதா?"

அவள் என்னைப் போபோ என்று கூப்பிடுவாள். பர்மிய மொழியில் தாத்தா. "போபோ, கடோ பண்ணினா கண்டிப்பா தருவாங்களா?"

"கண்டிப்பா தருவாங்க."

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பா சொல்லிட்டாரு, விடு" என்றான் மகன் அவள் முதுகைப் பார்த்து. எங்கள் வீட்டிலிருந்து பொட்டலம் போகவில்லை.

ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் குளித்து, சாமி அலமாரியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, ஊதுவத்தி கொளுத்திவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். கையில் அங்கே செய்த காகிதப் பை, அதில் ஒட்டிய பூசணிக்காய். பை காலி. ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பொட்டலம் இல்லாததால் இவள் பேரைக் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு டீச்சர் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மிட்டாயைப் பேத்தி பிரிக்கவே இல்லை. மேசையில் என் தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

மருமகள் அடுப்படியில் இருந்தாள். பாத்திர மூடிகள்தான் பேசின. சாயங்காலம் மகன் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"உங்க அப்பாவுக்குப் பயந்து நீங்க என் பிள்ளையை அவமானப்படுத்திட்டீங்க."

"நான் என்ன செய்யறது? அவர் சொன்னாரு..."

"அவர் சொன்னாரு, அவர் சொன்னாரு! நீங்க யாரு? அந்தப் பிள்ளைக்கு அப்பாவா, இவருக்குக் கடைப் பையனா?"

"ஏம்மா, என் முன்னாடியே..." என்று நான் எழுந்தேன்.

"உங்க முன்னாடிதான்ப்பா. உங்களுக்குப் பின்னாடி பேசி என்ன பிரயோஜனம்?"

அப்போது கரண்ட் போனது. என் இன்வெர்ட்டர் கண் இமைக்கும் நேரத்தில் விளக்கைத் திருப்பிக் கொடுத்தது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். பேத்தி உள்ளே கண்ணாடி முன்னால் அம்மாவின் தனகாக் கட்டையைக் கல்லில் உரைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. முகத்துக்குப் பூசும் அந்தச் சந்தனம் போன்ற விழுதை வைத்து விளையாடுவது அவளுக்கு வழக்கம். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

சோறு போட்டுவிட்டு மருமகள் கூப்பிட்டாள். பதில் இல்லை. அறையில் இல்லை. குளியலறையில் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது, சின்னச் செருப்பு இல்லை.

எங்கள் தெருவில் வெளிச்சம் மங்கினால் கடைகள் பலகை போட்டுவிடும். பெரியவர்களே வேகமாக நடக்கிற நேரம் அது. ஆறு வயசுப் பிள்ளை அந்த நேரத்தில் தனியாகத் தெருவில். மருமகள் வீடு முழுவதையும் ஒரு முறை கலைத்துப் போட்டுவிட்டு நின்றாள்.

"அந்தக் காகிதப் பையைக் காணோம். நான் போர்த்துற வெள்ளைத் துணியும் இல்ல." என்றாள். "மாலுக்குப் போயிட்டா. மால்ல பேய் வேஷம் போட்டவங்க வர்ற பிள்ளைக்கெல்லாம் பரிசு கொடுக்கிறாங்கன்னு குழுவுல போட்டிருந்தாங்க. நான் சத்தமா படிச்சேன். அவ பக்கத்துல இருந்தா."

மாலுக்குப் போக பெரிய சாலையைக் கடக்க வேண்டும். சிக்னல் விளக்கும் எரிந்திருக்காது. சாலையைக் கடந்துவிட்டாலும் அங்கே முழுக்க முகமூடிகள். எவன் பின்னால் போனாலும் பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைப்பாள். மகன் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

"நானும் வரேண்டா."

"நீங்க இங்கயே இருங்கப்பா! அவ திரும்பி வந்தா கதவு திறக்க ஆள் வேணாமா?" என்று கீழிருந்து கத்தினான். மருமகளும் செருப்பை மாட்டினாள். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கதவு திறக்கிற ஆளாக வைத்துவிட்டுப் போனார்கள். வாய் தானாகச் சாமியைக் கூப்பிட்டது. திரும்பி அலமாரியைப் பார்த்தேன்.

வாழைப்பழச் சீப்பு இல்லை.

மகன் அந்த அலமாரியைத் தாண்டித்தான் ஓடினான். மருமகளும்தான். இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. படித்த கண்கள் காணாமல் போன பையையும் துணியையும் மட்டும் பார்த்தன. நான் பழத்தைப் பார்த்தேன். மாலில் பேயிடம் பரிசு வாங்கப் போகிற பிள்ளை காலிப் பையோடு போகும். சாமி அலமாரியில் எட்டி ஒரு சீப்புப் பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற பிள்ளை கும்பிடத்தான் போகும். கும்பிட அவளுக்குத் தெரிந்த வெளிவீடு ஒன்றே ஒன்றுதான்.

எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு எங்கள் வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். போனைச் சார்ஜில் விட்டுவிட்டேன், கையில் டார்ச் மட்டும். என் முழங்கால் இரண்டும் பேட்டரி தூக்கித் தூக்கித் தேய்ந்தவை. அன்றைக்கு அவை என் பேச்சைக் கேட்டன.

தெருமுனையில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. டீக்கடைக்கு அப்பால் வெளிச்சம் இல்லை. எதிரே நாலைந்து பேர் வந்தார்கள், மண்டையோட்டு முகம், ரத்தம் வழிகிற வாய். நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு சின்ன உருவம். நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் வந்தவனின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, அந்தத் துணியை இழுத்தேன். வேறு யாரோ வீட்டுப் பையன். வீரிட்டு அழுதான். இன்னொரு முகமூடிக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளைக் குரல் வந்தது. "அமேலே! ஊலே, என் தம்பி! உங்களுக்குப் பைத்தியமா?" அமேலே என்றால் ஐயோ அம்மா, ஊலே என்றால் மாமா.

"வெள்ளையா ஏதாவது போட்டுக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு இந்தப் பக்கம் போனதைப் பாத்தியாம்மா?"

"இன்னிக்கு எல்லாருமே வெள்ளைதான் போட்டிருக்காங்க ஊலே" என்றாள். கேலி இல்லை, உண்மையைத்தான் சொன்னாள்.

நாய்கள் குரைக்கிற ஓடைத் தெருவுக்குள் நுழைந்தேன். அங்கே பழைய கட்டடங்களில் மேல்மாடியிலிருந்து கயிறுகள் தெருவரைக்கும் தொங்கும். இழுத்தால் மேலே மணி அடிக்கும். மேலிருப்பவர் கயிற்று நுனியிலுள்ள கிளிப்பில் சாவியை மாட்டி இறக்குவார். அமேயின் கயிறு என் தலை உயரத்தில் முடியும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எட்டாது. எட்டாமல் திரும்பியிருந்தால் எங்கே போயிருப்பாள்? ஓடைப் பக்கமா? கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மணி கேட்டது. சாவி வரவில்லை. மறுபடி இழுத்தேன். டார்ச்சைக் கதவில் அடித்தபோதுதான் பார்த்தேன், பூட்டு திறந்தபடி தொங்கியது, இரும்புக் கதவு ஆள் நுழையும் அளவு தள்ளியிருந்தது.

அமே கதவைத் திறந்து போடுகிற ஆள் இல்லை. தனியாக இருக்கிற பெண், பூட்டுக்குப் பூட்டுப் போடுவார். யார் திறந்தது?

ஏறினேன். அந்தக் கட்டடத்தின் படிகளில் என் விளக்குகள் கிடையாது. கடைசித் திருப்பத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஆள் சுவரோரம் குந்தியிருந்தான். லோஞ்சியை மடித்துக் கட்டிய, முறுக்கேறிய கால்களுடைய ஆள். அவன் எழுவதற்குள் அவன் கழுத்துப் பட்டை என் கையில் இருந்தது.

"புள்ள எங்கடா?"

"மெதுவா, ஊலே, மெதுவா!" என்றான் அவன், என் கையை விலக்காமல். "உள்ள ஆசி நடக்குது. இன்னும் முடியல."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு மெழுகுவத்தி. பாயில் என் பேத்தி முட்டி போட்டுக் கைகூப்பி இருந்தாள். மருமகள் பகோடாவுக்குப் போர்த்திப் போகும் வெள்ளைத் துணி தலையிலிருந்து தரை வரை. முகத்தில் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு மீதியெல்லாம் தனகா, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல. முன்னால் அந்த வாழைப்பழச் சீப்பு. எதிரே அமே கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலைக் காவி ஏறிய வாயால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபத்து நீங்கி இரு. நோய் நீங்கி இரு. பயம் நீங்கி இரு. கெட்டவர் கண்ணில் படாமல் இரு. நெருப்பிலும் நீரிலும் சிக்காமல் இரு. பெரியவர் ஆசி சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அது முடியும்வரை நின்றேன். அமே இவ்வளவு நீளமாக எனக்கு ஒரு நாளும் ஆசி சொன்னதில்லை.

முடிந்ததும் அமே கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தார். "யாரு, நீயா? இது உன் புள்ளையா?"

"யாருன்னே தெரியாமலா அமே உள்ள விட்டீங்க?"

"கண்ணு தெரியல, கரண்டும் இல்ல. கடோ பண்ண வந்து நிக்கிற புள்ளையைப் போயி நீ யாருன்னு கேட்டா ஆசி சொல்வாங்க?"

வெளியே நின்றவன் சைக்கார்காரன். சைக்கிளின் பக்கவாட்டில் ஆள் உட்கார இருக்கை கட்டி மிதிக்கிற வண்டி அவனுடையது. வாடகைக்குக் காத்திருந்தவன், வெள்ளையாக ஒரு சின்ன உருவம் கயிற்றுக்கு எம்பி எம்பிக் குதிப்பதைப் பார்த்திருக்கிறான். "உண்மையாவே பேயின்னுதான் நெனச்சேன் ஊலே. வாழைப்பழம் வெச்சிருந்ததைப் பாத்ததும் பயம் போயிடுச்சு" என்றான். தூக்கிப் பிடித்து மணியடிக்க வைத்து, சாவி வாங்கிக் கதவு திறந்து, பிள்ளையைத் திரும்பக் கொண்டுவிட வேண்டுமே என்று படியிலேயே காத்திருந்திருக்கிறான். நல்ல மனிதன். அவனுக்குரியதை நான் குறைத்து எழுதவில்லை.

பேத்தி என்னைப் பார்த்து எழுந்தாள். தனகா காய்ந்து, சிரித்ததும் கன்னத்தில் வெடித்தது. "போபோ, நான் பேய்கிட்ட வாங்கல. முறைப்படி வந்தேன்." பிறகு அமேயை ஓரக்கண்ணால் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "ஆனா இன்னும் பரிசு தரல."

"என்ன பரிசு?" என்றார் அமே.

நான் சொன்னேன். பள்ளிக்கூடம், பொட்டலம், பேய், நான் போட்ட சட்டம், எல்லாவற்றையும். அமே கேட்டுவிட்டு வெற்றிலைச் சாற்றை எச்சில் பாத்திரத்தில் துப்பினார்.

"ஏன்டா, உனக்கு நான் என் கடையோரத்தைக் கொடுத்தேனே. நீ முட்டி போட்டா வாங்கின?"

"இல்ல அமே."

"மொதல்ல கொடுத்தேன். நீ கும்பிட்டது எப்ப? காசு பாத்த அப்புறம். இந்தத் துணுக்குப் புள்ளை மட்டும் கும்பிட்டாத்தான் பரிசா?" சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துப் பேத்தி கையில் கொடுத்தார். "இந்தா. பேயிக்குப் பயந்தவன் உங்க போபோதான், நீ இல்ல."

சைக்கார்காரன் வாசலில் நின்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னவர் அமே. வேறு எவர் சொல்லியிருந்தாலும் பதில் கொடுத்திருப்பேன்.

அவன் போனிலிருந்து மகனைக் கூப்பிடப் பார்த்தோம். லைன் போகவில்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சைக்காரில் வந்தேன். எங்கள் கட்டட வாசலுக்கு அப்போதுதான் மகனும் மருமகளும் மாலிலிருந்து திரும்பியிருந்தார்கள். இன்னொரு வண்டி பிடித்து ஓடைப் பக்கம் தேட நின்றார்கள். மருமகள் பேத்தியைப் பார்த்ததும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுததில் தனகா முழுவதும் அவள் முகத்துக்கு ஏறியது. கூட்டம் கூடியது. எங்கே இருந்தாள், யார் பார்த்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சைக்கார்காரன் சொன்னான், கயிறு, பழம், ஆசி. கை தட்டினார்கள். மருமகள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கடோ பண்ணினா கண்டிப்பா தருவாங்கன்னு நீங்க சொன்னீங்க. அந்த வார்த்தைக்குத்தான்ப்பா என் பிள்ளை இருட்டுல போனா."

கூட்டம் என்னைப் பார்த்தது. மகன் தரையைப் பார்த்தான். ஆமாம், அது என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். நான் மறுக்கவில்லை. பரிசு இல்லாமல் வீடு திரும்பிய பிள்ளை அன்றைக்கு எங்கேயாவது போயே தீரும். பெரிய சாலையைத் தாண்டி முகம் தெரியாதவர்களிடம் போகாமல், முகம் தெரிந்த ஒருத்தர் வீட்டுக்கு அவளைக் கொண்டுபோனதும் அதே வார்த்தைதானே. இதை அங்கேயே சொன்னேன். கூட்டத்தில் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் காலையில் மகன் வெளியே போய்க் கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். கறுப்புத் தாள் சுற்றவில்லை. பேத்தி வழக்கம்போல முட்டி போடப் போனாள். நான் நாற்காலியிலிருந்தே சொன்னேன். "வேணாம். மொதல்ல வாங்கிக்கோ." மகன் என்னைப் பார்த்தான், மருமகளும் பார்த்தாள். பேத்தி பெட்டியை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு தானாகவே அப்பாவையும் அம்மாவையும் கும்பிட்டாள். என்னையும் கும்பிட்டாள்.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஹாலோவீனுக்குப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாங்குகிற நாளில் உங்கள் பிள்ளையைக் காலிப் பையோடு வீட்டுக்கு வரவிடாதீர்கள். ஆனால் தாயும் தகப்பனும் தங்கள் கையால், முகத்தைக் காட்டிக் கொடுங்கள். பிள்ளைக்குக் கொடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும். வேஷத்தை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த வருஷம் மருமகள் இதையே பள்ளிக்கூடத்து வைபர் குழுவில் எழுதினாள். பெற்றோரே வந்து, முகமூடி இல்லாமல், அவரவர் பிள்ளைக்குக் கொடுக்கட்டும், பொட்டலம் இல்லாத பிள்ளைக்கு மற்றவர்கள் சேர்ந்து கொடுக்கட்டும் என்று. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. அவளுக்கு இதயப் படங்களாகக் குவிந்தன. கூடவே போன வருஷத்துக் கதையையும் எழுதியிருந்தாள். சைக்கார் அண்ணன் வருகிறார், கண் தெரியாத பாட்டியம்மா வருகிறார், கணவரோடு மாலில் அலைந்தது வருகிறது. "வீட்டில் பெரியவர்கள் பழைய வழக்கத்தில் பிடிவாதம் பிடித்ததால்" என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் நான் எங்கேயும் இல்லை.

சைக்கார்காரன் அவளைத் தூக்கிப் பிடித்தான், சரி. அமே ஆசி சொன்னார், சரி. ஆனால் அலமாரியைப் பார்த்தது யார்? இருட்டில் அந்தப் படிகளை ஏறியது யார்? முகத்தைக் காட்டிக் கொடு என்று முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னது யார்? நீ கொடேன், உனக்குக் கை இல்லையா என்று நான்தானே கேட்டேன்? மருமகளே, மகனே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். அந்தக் குழுவில் போட்டதைத் திருத்திப் போடுங்கள். என் பேரைப் போட வேண்டாம். வழியைக் கண்டுபிடித்தது அவளுடைய போபோ என்று ஒரு வரி போடுங்கள். இந்த வாரத்துக்குள் போடுங்கள்.